பாயிண்ட் கொடுத்து ரிசார்ட் எடுப்பது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஹோட்டல் குழுமங்களின் உறுப்பினர் திட்டத்தில் சேர்த்து வைத்த பாயிண்ட்டைக் காசுக்குப் பதில் கொடுத்து, பிள்ளைகளோடு எந்த ரிசார்ட்டுக்குப் போகலாம் என்று கேட்டு நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து, பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அக்கா, என் கணவர் வேலை விஷயமாக அடிக்கடி வெளியூர் போகிறவர். அவர் கணக்கில் மேரியட் பாயிண்ட் 160,000 சேர்ந்திருக்கிறது. ஜூன் விடுமுறையில் ஐந்து இரவு எங்காவது போக நினைக்கிறோம். மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு மூன்று. மூட்டுவலியோடு மாமியாரும் கூட வருகிறார். எனக்கு புக்கெட் போக ஆசை, கணவர் பாலி என்கிறார். எந்த ரிசார்ட் நல்லது?
(வாசகி, பொங்கோல்)

பதில்: ஜூன் என்றால் பாலிதான். புக்கெட்டில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை. நாள் முழுக்கக் கொட்டாது, ஆனால் மேற்குக் கரையில் அலை பெரிதாக எழும், கடற்கரையில் சிவப்புக் கொடி கட்டிவிடுவார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்குக் கடலைத் தூரத்தில் நின்று காட்டிவிட்டு வரவா அவ்வளவு பாயிண்ட் செலவழிக்க வேண்டும்? பாலியில் அதே மாதம் மழை குறைந்த காலம். டிசம்பர் விடுமுறைக்கு இதை அப்படியே திருப்பிப் போடுங்கள், அப்போது புக்கெட்டும் லங்காவியும் நன்றாக இருக்கும், பாலியில் மழை பெய்யும். அதனால்தான் யார் கேட்டாலும் ரிசார்ட் பெயரைப் பார்க்கும் முன் மாதத்தைப் பாருங்கள் என்கிறேன்.

பாலியில் உங்களுக்கு ஏற்ற பகுதி நூசா துவா. விமான நிலையத்திலிருந்து சுங்கச்சாலை வழியாக ஏறக்குறைய அரை மணி நேரம்தான். கடலுக்குள் பவளப்பாறை தடுப்பதால் கரையில் அலை குறைவு, நடைபாதையும் சமதளம். உபுட் அழகான ஊர், மறுக்கவில்லை, ஆனால் விமான நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், அங்கே பல விடுதிகள் பள்ளத்தாக்கில் படிப்படியாக இறங்குகிறவை, மூட்டுவலி உள்ளவருக்கு அது தினமும் வேதனை.

மேரியட் பாயிண்ட்டில் அங்கே முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு. வெஸ்டின் கடற்கரையிலேயே இருக்கிறது, பிள்ளைகளுக்கான கிளப்பும் உண்டு. கோர்ட்யார்ட்டில் பெரிய நீச்சல் குளம் இருக்கிறது, பாயிண்ட்டும் பெரும்பாலும் குறைவாகவே கேட்பார்கள், ஆனால் அது கடலை ஒட்டி இல்லை, கடற்கரைக்கு அவர்களுடைய வண்டியில் போக வேண்டும். மிதவை, துண்டு, மாற்றுத் துணி, பால் பாட்டில் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வண்டிக்குக் காத்திருப்பது உங்களுக்குச் சரிப்படுமா என்று யோசியுங்கள். பிள்ளைகள் குளத்தை விட்டு வெளியே வராத ரகம் என்றால் கோர்ட்யார்ட் போதும். கடல் வேண்டும் என்றால் வெஸ்டின்.

அடுத்தது அறை. நீங்கள் மூன்று பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள். பாயிண்ட்டில் கிடைக்கும் சாதாரண அறை பெரும்பாலும் இரண்டு பெரியவர்களுக்கும் ஒன்றிரண்டு சிறு பிள்ளைகளுக்கும்தான். தேடும்போது மாமியாரையும் பிள்ளைகளின் வயதையும் மறைக்காமல் போடுங்கள். இரண்டு பேர் என்று போட்டு எடுத்துவிட்டு ஐந்து பேராகப் போய் நின்றால் கூடுதல் படுக்கை, கூடுதல் ஆள் என்று கட்டணம் போடுவார்கள், அறை காலியில்லை என்றால் அதற்கும் வழியிருக்காது. உங்கள் பாயிண்ட் இரண்டு அறைக்கு ஐந்து இரவு வராது. ஒன்றைப் பாயிண்ட்டில், மற்றொன்றைக் காசில் எடுத்து, இரண்டையும் கனெக்டிங் ரூமாகத் தரும்படி ஹோட்டலுக்கே நேரடியாக மின்னஞ்சல் எழுதுங்கள். "அடுத்தடுத்த அறை" என்று மட்டும் கேட்காதீர்கள், உள்ளே கதவு இருக்கும் அறை வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். எழுத்தில் பதில் வந்த பிறகுதான் விமான டிக்கெட்.

இந்தியக் கடப்பிதழ் வைத்திருந்தால் இந்தோனீசியாவில் விசா கட்டணம் தலைக்கு 500,000 ரூப்பியா, கைக்குழந்தைக்கும் சேர்த்து. பாலிக்குத் தனியாக 150,000 ரூப்பியா சுற்றுலாக் கட்டணமும் 2024 பிப்ரவரியிலிருந்து இருக்கிறது, அது சிங்கப்பூரர்களுக்கும் உண்டு. ஐந்து பேருக்குப் பெருக்கிப் பார்த்துவிட்டு பட்ஜெட் போடுங்கள்.

கேள்வி: பாயிண்ட் கொடுத்து அறை எடுப்பது லாபமா, காசு கட்டுவது லாபமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? "இருக்கிறதைத் தீர்த்துவிடுங்கள்" என்கிறார் மனைவி. எனக்கு மனசு வரவில்லை.
(வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: ஒரே அறை, ஒரே தேதி, ரத்து செய்யும் விதியும் ஒன்றாக இருக்கும்படி இரண்டு விலையையும் எடுங்கள். காசு விலையை வரி, சேவைக் கட்டணம் எல்லாம் சேர்த்த கடைசித் தொகையாகப் பாருங்கள், ஏனென்றால் இந்தோனீசியா போன்ற இடங்களில் முதலில் காட்டும் விலைக்கு மேல் பிளஸ் பிளஸ் என்று ஏறக்குறைய 21 விழுக்காடு ஏறும், பாயிண்ட் விலையில் பொதுவாக அது அடங்கிவிடும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஓர் இரவு எல்லாம் சேர்த்து 320 சிங்கப்பூர் வெள்ளி, பாயிண்ட்டில் 30,000 என்று வையுங்கள். ஐந்து இரவுக்குக் காசில் 1,600 வெள்ளி. மேரியட்டில் ஒரே ஹோட்டலில் தொடர்ந்து ஐந்து இரவு பாயிண்ட்டில் எடுத்தால் ஒன்று இலவசம், அதாவது ஐந்தில் பாயிண்ட் குறைவான இரவு கழியும். ஆக 120,000 பாயிண்ட். 1,600 வெள்ளியை அதால் வகுத்தால் ஒரு பாயிண்ட்டுக்கு 1.33 காசு (சென்ட்). மேரியட்டுக்கு ஒரு காசுக்கு மேல் வந்தால் நான் எடுத்துவிடுவேன். மற்ற ஹோட்டல் குழுமங்களில் ஹில்டன், ஐஎச்ஜி பாயிண்ட்டுக்கு முக்கால் காசுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தாலே நல்லதுதான், ஹயாட்டுக்கு இரண்டு காசு எதிர்பார்க்கலாம். அக்கோரில் இந்தக் கணக்கே வேண்டாம், 2,000 பாயிண்ட்டுக்கு 40 யூரோ தள்ளுபடி என்று நிலையாக வைத்திருக்கிறார்கள்.

பலர் கவனிக்காத ஒன்று பசியாறல், அதாவது காலைச் சாப்பாடு. காசு கொடுத்து எடுக்கும் பல பேக்கேஜ்களில் அது அடக்கம், பாயிண்ட் அறையில் பெரும்பாலும் இல்லை. நான்கு பேர் ஐந்து நாள் ரிசார்ட்டில் பசியாறும் செலவைச் சேர்த்தால் கணக்கே தலைகீழாகும். உயர்நிலை உறுப்பினர் என்று சொல்லி இலவசமாகக் கொடுத்தாலும் பல இடங்களில் இரண்டு பேருக்குத்தான், பிள்ளைகளுக்குத் தனி. இந்த விஷயத்தில் ஐஎச்ஜியின் ஹாலிடே இன் ரிசார்ட்கள் குடும்பத்துக்கு நல்லது, பெரியவர்களோடு சாப்பிடும் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் மெனுவில் இலவசம் என்ற ஏற்பாடு பல ஊர்களில் இருக்கிறது. புக் செய்யும் ஹோட்டலில் அது உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி, மனைவி சொல்வதைக் கேளுங்கள். பாயிண்ட்டுக்கு வட்டி கிடையாது. மேரியட் 2022-இலிருந்து எந்த ஹோட்டலுக்கு எத்தனை பாயிண்ட் என்ற நிலையான பட்டியலை விட்டுவிட்டு, ஆள் கூடக் கூடப் பாயிண்ட்டையும் ஏற்றுகிறது. ஏழு வயதுப் பையன் சறுக்குமரத்துக்குத் துள்ளுவதுபோல் பதினான்கு வயதில் துள்ளமாட்டான்.

கேள்வி: கிரெடிட் கார்டு பாயிண்ட்டை ஹோட்டல் பாயிண்ட்டாக மாற்றிக்கொள்ளலாமா?
(வாசகர், புக்கிட் பாத்தோக்)

பதில்: பெரும்பாலும் வேண்டாம். சிங்கப்பூர் வங்கிப் பாயிண்ட் கிரிஸ்ஃபிளையர் (சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டம்) மாதிரி விமான மைல்களாக மாறும்போதுதான் அதிகம் மதிப்புப் பெறும். ஹோட்டல் பாயிண்ட் ஐந்தாயிரமோ பத்தாயிரமோ குறைகிறது, அறை காலியாக இருப்பதை அப்போதே திரையில் பார்த்துவிட்டீர்கள் என்றால் மட்டும் மாற்றுங்கள். ஒருமுறை மாற்றினால் திரும்பி வராது. எதிர்த்திசையிலும் இதே ஜாக்கிரதை வேண்டும். மேரியட்டிலிருந்து கிரிஸ்ஃபிளையருக்கு மூன்று பாயிண்ட்டுக்கு ஒரு மைல், 60,000-ஆக மாற்றினால் 5,000 மைல் கூடுதலாகச் சேர்ந்து 25,000 மைல். அதே 60,000 பாயிண்ட் நல்ல ரிசார்ட்டில் இரண்டு இரவு தரும் என்றால், டிக்கெட்டைச் சலுகை விலையில் வாங்கிவிட்டு பாயிண்ட்டை அறைக்கு வைத்துக்கொள்வேன்.

கேள்வி: ஹில்டன் பாயிண்ட் நிறைய இருக்கிறது. மாலத்தீவில் பாயிண்ட் கொடுத்தால் எல்லாம் இலவசம் என்கிறார் நண்பர். ஐந்து வயது இரட்டைப் பிள்ளைகளோடு போகலாமா?
(வாசகர், தெம்பனிஸ்)

பதில்: இலவசம் அறை மட்டும்தான். மாலத்தீவில் அறையைவிட மற்றவைதான் குடும்பத்தைப் பிழிந்துவிடும். முதலில் தீவுக்குப் போகும் வழி. கடல் விமானம் என்றால் ஒரு பெரியவருக்குப் போக வர பல நூறு அமெரிக்க டாலர், அதுவும் பகல் வெளிச்சத்தில்தான் பறக்கும். சாயங்காலத்துக்குப் பிறகு மாலேயில் இறங்கினால் அன்றிரவு அங்கேயே காசு கொடுத்துத் தங்க வேண்டும். பெரிய ரிசார்ட்களில் பசுமை வரி தலைக்கு ஓர் இரவுக்கு 12 அமெரிக்க டாலர், இரண்டு வயது தாண்டியவர்கள் எல்லோருக்கும். நான்கு பேர் ஐந்து இரவுக்கு 240 டாலர், பாயிண்ட்டில் தங்கினாலும் கட்டித்தான் ஆக வேண்டும். சாப்பாட்டுக்கு வெளியே போக வழியில்லை, தீவில் இருப்பதே அந்த ஒரு ரிசார்ட். ஒவ்வொரு பில்லின் மேலும் சேவைக் கட்டணமும் 17 விழுக்காடு வரியும்.

போவது என்று முடிவு செய்துவிட்டால் விரைவுப் படகில் போகக்கூடிய தீவைத் தேர்ந்தெடுங்கள். ஹில்டன் மாலத்தீவு அமிங்கிரி விமான நிலையத்திலிருந்து படகில் இருபது நிமிடம்தான். தண்ணீர்மேல் கட்டிய வில்லா படத்தில் அழகாக இருக்கும், ஆனால் ஐந்து வயதில் இரண்டு பேர், கதவைத் திறந்தால் கடல்! நீங்கள் இரண்டு பேரும் ஒரு நிமிடம்கூடக் கண்ணயர முடியாது. சில ரிசார்ட்களில் சிறு பிள்ளைகளுக்கு அதில் அனுமதியே இல்லை. கடற்கரை வில்லா எடுங்கள்.

என்னைக் கேட்டால், பிள்ளைகள் நீந்தக் கற்று, முகமூடி போட்டு மீன் பார்க்கும் வயது வரும்வரை மாலத்தீவு காத்திருக்கட்டும். அதே பாயிண்ட்டில் பாலிக்குப் போகலாம். ஹில்டன் பாலியில் சறுக்குமரத்தோடு குளம், தஞ்சோங் பெனோவா கொன்ராடில் நீண்ட குளமும் பிள்ளைகள் கிளப்பும். வெளியே போய்ச் சாப்பிடலாம், மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது. இன்னொன்று, ஹில்டனில் ஐந்தாவது இரவு இலவசம் என்பது சில்வர் என்ற உறுப்பினர் நிலையிலும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான், அதுவும் சாதாரண அறைக்கு மட்டும். புக் செய்யும் முன் உங்கள் நிலையைப் பாருங்கள்.

கேள்வி: டிசம்பரில் நான்கு நாள், விமானம் வேண்டாம், பக்கத்திலேயே போய்வர வேண்டும். அம்மா சுத்த சைவம். பிந்தானா, தேசாருவா?
(வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: பிந்தான் இந்தோனீசியத் தீவு, தேசாரு ஜோகூர்க் கடற்கரை, இரண்டுமே தென்சீனக் கடலைப் பார்த்தவை, டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை. கடலை மறந்துவிட்டுக் குளத்தையும் கூரையையும் பார்த்து முடிவெடுங்கள். அம்மாவுக்குப் படகில் தலைசுற்றும் என்றால் பிந்தான் வேண்டாம், தானா மேரா முனையத்திலிருந்து ஒரு மணி நேரம் என்றாலும் அந்த மாதத்தில் படகு ஆடும். ஆட்டம் பரவாயில்லை என்றால் லகோய் பேயில் இருக்கும் ஃபோர் பாயிண்ட்ஸ் ஹோட்டல் மேரியட் பாயிண்ட்டில் கிடைக்கும், வெளியே நடந்துபோய்ச் சாப்பிடவும் இடம் உண்டு. நாட்ரா பிந்தானும் மேரியட்தான், ஆனால் அது கூடார விடுதி. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு அருமை. மழைக்காலத்தில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

தேசாருவில் வெஸ்டின் நல்ல தேர்வு, குடும்பத்துக்கென்றே யோசித்துக் கட்டியது, பிள்ளைகள் கிளப் உண்டு, பக்கத்திலேயே பெரிய தண்ணீர்ப் பூங்கா. இடி மின்னல் வந்தால் பூங்காவில் எல்லாரையும் தண்ணீரிலிருந்து வெளியேற்றிவிடுவார்கள், அதனால் முழு நாள் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்காமல் அன்று காலை வானத்தைப் பார்த்து வாங்குங்கள். உட்லண்ட்ஸிலிருந்து காரில் போவது உங்களுக்கு வசதி, ஆனால் விடுமுறை தொடங்கும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜோகூர் பாலத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். விடிகாலை கிளம்பினால் காலைச் சாப்பாட்டை ஜோகூரில் முடித்துவிடலாம்.

சைவச் சாப்பாடு பற்றி. ரிசார்ட் பஃபேயில் சைவம் என்று எழுதியிருக்கும் காய்கறியில் சிப்பி சாஸோ மீன் சாஸோ இருக்கலாம். இறைச்சி, மீன், முட்டை, சிப்பி சாஸ், பெலாச்சான் (இறால் விழுது) எதுவும் கூடாது என்று ஒன்றுவிடாமல் எழுதி ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள், போய்ச் சேர்ந்ததும் சமையல்காரரையே பார்த்துப் பேசுங்கள், பெரும்பாலும் அன்பாகச் செய்து தருவார்கள். அம்மாவுக்கு ரசம் சாதமே வேண்டும் என்றால் ரிசார்ட்டை விட்டுவிட்டு அஸ்காட் குழுமத்தின் சாமர்செட் மாதிரி சமையலறை உள்ள இடத்தைப் பாருங்கள், அவர்களுக்கும் சொந்தமாகப் பாயிண்ட் திட்டம் உண்டு. அல்லது மலாக்காவில் டபுள்ட்ரீ, அது ஹில்டன் பாயிண்ட். கடற்கரை இல்லைதான். ஆனால் டிசம்பரில் தேசாருவில் கடற்கரை இருந்தும் இறங்க முடியாது, மலாக்காவில் நல்ல தோசையாவது கிடைக்கும்.

கேள்வி: டிசம்பரில் சென்னை போகிறோம். அப்பா, அம்மா, அண்ணன் குடும்பம் எல்லோரும் சேர்ந்து ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் இரண்டு இரவு தங்க ஆசை. மேரியட், ஐஎச்ஜி இரண்டிலும் கொஞ்சம் பாயிண்ட் இருக்கிறது.
(வாசகர், செம்பவாங்)

பதில்: இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். இங்கே சேர்த்த பாயிண்ட்டை ஊரில் அப்பா அம்மாவோடு செலவழிப்பதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை. மேரியட்டில் வடநெம்மேலி ஷெரட்டன் கிராண்ட், மாமல்லபுரம் ஃபோர் பாயிண்ட்ஸ், ஐஎச்ஜியில் இன்டர்கான்டினென்டல், மூன்றுமே அந்தச் சாலையில்தான். பிள்ளைகளுக்கு வடநெம்மேலியிலேயே முதலைப் பண்ணை, வரும் வழியில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா, அந்தப் பக்கம் கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும்.

கடலில் மட்டும் இறங்க விடாதீர்கள். செந்தோசாக் கடலைப் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு அந்த வங்கக்கடல் இழுப்பு தெரியாது. குளம் போதும்.

தேதி முக்கியம். டிசம்பர் முதல் பாதியில் இன்னும் வடகிழக்குப் பருவமழை, புயலும் வரலாம். மாதக் கடைசியில் வானம் தெளியும், மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் கல்யாணக் கூட்டமும் ரிசார்ட்டில் குறைவு. ஆனால் 24, 31 ஆகிய இரவுகளைத் தவிர்த்துவிடுங்கள். ஆசியாவில் பல ரிசார்ட்கள் அன்றைக்குக் கொண்டாட்ட விருந்து கட்டாயம் என்று தலைக்கு இவ்வளவு என வாங்குகின்றன, பாயிண்ட்டில் தங்குபவர்களுக்கும் சேர்த்து. 27, 28 போல வாரநாளாகப் பார்த்துப் போடுங்கள்.

காசு விலையையும் ஒப்பிட மறக்காதீர்கள். இந்தியாவில் ஓர் இரவு 7,500 ரூபாய்க்கு மேல் போகும் அறைக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு, அதைச் சேர்த்துப் பாருங்கள். சில வாரநாட்களில் அறை மலிவாக இருக்கும், அப்போது காசு கட்டிவிட்டு பாயிண்ட்டை வேறு பயணத்துக்கு வைக்கலாம். அண்ணன் குடும்பத்துக்கான அறையையும் உங்கள் கணக்கிலிருந்தே எடுப்பதென்றால் அவர்கள் பெயரை முன்பதிவில் சேர்க்கச் சொல்லுங்கள், பெரியவர்கள் எல்லோரும் அடையாள அட்டை கொண்டுவர வேண்டும், நீங்கள் கடப்பிதழ். தங்காமல் பகலுக்கு மட்டும் வந்துபோகும் சொந்தக்காரர்களுக்குக் குளத்துக்குத் தனிக் கட்டணம் இருக்கலாம். சித்தப்பா பெரியம்மா என்று பெரிய பட்டாளம் வரும் என்றால் முதலிலேயே ஹோட்டலிடம் பேசிவிடுங்கள், அவர்கள் வந்து வாசலில் நிற்கும்போது பேசினால் எல்லோருக்கும் சங்கடம். அப்பா அம்மாவுக்குத் தரைத்தளம், உணவகத்துக்குப் பக்கம் என்று கேட்டு வையுங்கள். ரிசார்ட் வளாகம் பெரியது, அறையிலிருந்து சாப்பாட்டுக்கு நடப்பதே தூரம்.

கேள்வி: ஐஎச்ஜி பாயிண்ட் 18,000 வைத்திருக்கிறேன், ஒரு வருடமாக எங்கும் தங்கவில்லை. போய்விடுமா?
(வாசகி, யீஷூன்)

பதில்: இன்றே உள்ளே போய்ப் பாருங்கள். ஐஎச்ஜியில் சாதாரண உறுப்பினர் கணக்கில் 12 மாதம் எந்த அசைவும் இல்லையென்றால் பாயிண்ட் காலாவதி, அக்கோரிலும் ஒரு வருடம்தான். மேரியட், ஹில்டன், ஹயாட் 24 மாதம் தருகின்றன. இன்னும் நாள் இருந்தால், கணக்கில் கொஞ்சம் பாயிண்ட் புதிதாகச் சேர்ந்தாலே கெடு தள்ளிப்போகும், தங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. சிறிய அளவில் பாயிண்ட் வாங்கினாலும் நடக்கும். அதைச் செய்துவிட்டு செப்டம்பர் ஒரு வார விடுமுறைக்கு வாரநாளில் ஓர் இரவு தேடுங்கள். பாயிண்ட்டில் எடுத்ததை ரத்து செய்தால் பெரும்பாலும் முழுதாகத் திரும்பிவிடும், ஆனால் ரிசார்ட்களில் கெடு ஒரு நாள் அல்ல, ஏழு அல்லது பதினான்கு நாள் முன்பே முடிந்துவிடலாம். அந்தத் தேதியைக் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.